பதெட்டிக்: மிராவின்ஸ்கியா, காரயனா?

வீடு மாறும்போது சிடி அலமாரியைப் பாதியாக்க வேண்டியிருந்தது. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனி (பெரிய இசைக்குழு பல பகுதிகளாக வாசிக்கும் படைப்பு), ‘பதெட்டிக்’, மட்டும் என்னிடம் மூன்று பதிவுகள். “மூணும் ஒரே பாட்டுதானே?” என்று வீட்டில் கேட்டதற்கு என்னால் உருப்படியான பதில் சொல்ல முடியவில்லை. சரி, ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைக் கொடுத்துவிடலாம் என்று மாற்றி மாற்றிக் கேட்கத் தொடங்கினேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வைத்துக்கொண்டது நடத்துநர் (மேடையில் குழுவை வழிநடத்துபவர்) யெவ்கெனி மிராவின்ஸ்கி 1960-இல் லெனின்கிராட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைக் கொண்டு பதிவு செய்தது. கடைசி வரை அதோடு மல்லுக்கு நின்றது இன்னொரு நடத்துநர் ஹெர்பர்ட் ஃபான் காரயன் 1964-இல் பெர்லின் பில்ஹார்மோனிக்கோடு செய்தது. (அவர் பெயரைக் கொஞ்சம் அசந்து எழுதினால் புற்றுக் கட்டும் பூச்சியாகிவிடும், அதனால் ‘கா’வில் கவனமாக இருக்கிறேன்.) இரண்டையும் வெளியிட்டது டாய்ச்ச கிராமஃபோன் நிறுவனம்தான். லெனின்கிராட் குழு மேற்கு ஐரோப்பாவுக்கு வந்திருந்தபோது, வியன்னாவின் மூசிக்ஃபெராய்ன் அரங்கில் ஒலிப்பதிவானது முதலாவது. பெர்லினின் டாலெம் பகுதியில் உள்ள இயேசு கிறிஸ்து தேவாலயத்தில் ஒலிப்பதிவானது இரண்டாவது.

மூன்றாவது, லெனர்ட் பெர்ன்ஸ்டைன் நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு 1986-இல் செய்தது. மற்ற இருவரும் பத்து நிமிடத்துக்குள் முடிக்கும் கடைசிப் பகுதிக்கு இவர் 17 நிமிடம் எடுத்துக்கொள்கிறார். ஒப்பாரி வைக்க வந்தவரே மயங்கி விழுந்து, அவரைத் தூக்கி உட்கார வைப்பது போல இருக்கிறது. அதற்கென்றே உயிரை விடும் ரசிகர்கள் உண்டு. எனக்கு வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

இனி இந்த இருவர். வாசிப்பில் இரண்டு குழுவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒலித்தரத்தில் காரயன் ஒரு படி மேல். தேவாலயத்தின் எதிரொலி தந்தி வாத்தியங்களுக்கு எண்ணெய் பூசிய பளபளப்பைத் தருகிறது. மிராவின்ஸ்கியின் பித்தளைக் கருவிகள் உச்சத்தில் காதைக் கிழிக்கும். ரஷ்யக் குழுக்களுக்கே உரிய முறையில் பிரெஞ்சு ஹார்ன் என்ற சுருண்ட ஊதுகருவி சற்று நடுங்கி, சாக்ஸபோன் மாதிரி ஒலிக்கும். பிடிக்காதவர்களுக்குப் பிடிக்காது. முதல் பகுதியின் நடுவில் ஆறு ‘p’ (தணிந்து வாசி என்பதற்கான குறி) போட்டு, மூச்சுக் காற்றளவுக்கு இறங்கச் சொல்கிறார் சாய்க்கோவ்ஸ்கி. அடுத்த நொடியே மொத்தக் குழுவும் இடியாக விழும். மெதுவாக ஒலிப்பது கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டி வைத்தீர்களோ, கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இது இரண்டுக்கும் பொது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது வேறொன்று: இரண்டாம் வயலின்காரர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது. (குழுவின் வயலின்காரர்கள் முதல், இரண்டாம் என்று இரு கூட்டங்களாகப் பிரிந்து வாசிப்பார்கள்.)

கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கடைசிப் பகுதியின் தொடக்கத்தைக் கேளுங்கள். வயலின்களில் ஒரு மெட்டு படிப்படியாகக் கீழே இறங்குகிறது. இந்த சிம்பொனியின் அழுகையே அதுதான். இசைக்குறிப்பைத் திறந்து பார்த்தால் அந்த மெட்டு எவருக்கும் எழுதப்படவில்லை. மெட்டின் ஒரு சுரம் முதல் வயலின்களிடம் இருந்தால் அடுத்த சுரம் இரண்டாம் வயலின்களிடம், அதற்கடுத்தது மறுபடி இவர்களிடம். தனித்தனியாக வாசிக்கச் சொன்னால் இரண்டு வரிசையும் தாறுமாறாகத் தாவும். சேர்ந்து வாசிக்கும்போது கேட்பவரின் காதில்தான் மெட்டே உருவாகிறது.

அந்தக் காலத்து மேடைகளில் முதல் வயலின்கள் இடப்பக்கமும் இரண்டாம் வயலின்கள் வலப்பக்கமும் எதிரெதிரே உட்காருவது வழக்கம். அப்போது இந்த மெட்டு மேடையின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக அலைந்துகொண்டே இறங்கும். மிராவின்ஸ்கி அந்தப் பழைய அமர்வை விடவில்லை. 1938-இலிருந்து ஐம்பது ஆண்டுகள் அதே குழுவுக்குத் தலைமை தாங்கியவர். காரயனோ, இருபதாம் நூற்றாண்டில் பரவிய முறைப்படி, இரு வயலின் கூட்டங்களையும் இடப்பக்கமே அடுத்தடுத்து உட்காரவைத்தவர். அவர் பதிவில் மெட்டு தைத்த தழும்பே தெரியாமல் ஒட்டிக்கொள்கிறது. அழகுதான். ஆனால் இதைப் பிரித்து எழுதுவானேன் என்ற கேள்வியே அங்கே எழாது.

சோதனை எளிது. அந்த இடம் வரும்போது ஒரு காதிலிருந்து இயர்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். மிராவின்ஸ்கியில் மெட்டின் பாதிச் சுரங்கள் மங்கி, திக்கித் திணறும். காரயனில், இடது காது போதும். மெட்டு ஏறக்குறைய முழுசாகவே இருக்கும்.

இதோடு விட்டிருந்தால் வெறும் வேடிக்கை என்று நானும் ஒதுக்கியிருப்பேன். அதே மெட்டு பிற்பாதியில் திரும்ப வருகிறது. இம்முறை பிரிக்கவில்லை, முழு மெட்டும் முதல் வயலின்களிடமே இருக்கிறது. முதலில் இரண்டாகக் கிழிந்து வந்தது, இப்போது ஒரே பக்கத்திலிருந்து, ஒரே குரலாக வருகிறது. மிராவின்ஸ்கியில் இந்த மாற்றம் கேட்கும். எனக்கு ஒவ்வொரு முறையும் அங்கே தொண்டை அடைக்கும். காரயனில் அது முன்பு கேட்ட மெட்டின் மறுவருகை, அவ்வளவே. பிறகு சேகண்டி போன்ற பெரிய வட்டத் தட்டில் ஒரே ஒரு அடி, டிராம்போன்களும் டியூபாவும் தணிந்த குரலில் சில வரிகள், செல்லோவும் டபுள் பாஸும் அடியாழத்தில் தேய்ந்து மறைவது. 1893 அக்டோபர் 28-இல் சாய்க்கோவ்ஸ்கியே இதை முதன்முதலாக நடத்தினார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார். இதை அறிந்துகொண்டு கேட்பதா, மறந்துவிட்டுக் கேட்பதா என்பதில் எனக்கே இன்னும் குழப்பம்.

மிராவின்ஸ்கி என்று தேடினால் 1956-இல் அதே குழுவோடு செய்த பதிவும் அகப்படும். அது மோனோ, இடம் வலம் பிரியாத ஒற்றை ஒலி. என் வாதம் அதில் ஒன்றுக்கும் உதவாது. வாங்குமுன் ஆண்டைப் பாருங்கள். ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கும் இதே கதிதான். அவர்கள் தாராளமாகக் காரயனை எடுத்துக்கொள்ளலாம். முதல் பகுதியின் இரண்டாம் மெட்டு, தந்திகள் அடக்கிய குரலில் பாடும் இடம், காரயனில் நிஜமாகவே இன்னும் அழகு. 1939 தொடங்கி 1984 வரை ஏழு முறை இந்த சிம்பொனியைப் பதிவு செய்தவர் அவர். நான் ஊன்றிக் கேட்டது 1964 மட்டுமே. இன்னொன்றைக் காட்டி யாராவது என்னை மடக்கினால் வாதாட மாட்டேன். நடத்துநர் தியோடர் குரென்ட்சிஸ் 2017-இல் வெளியிட்டதை ஒரே ஒருமுறை, பேருந்தில் கேட்டேன். அதை வைத்து எதையும் சொல்வது நியாயமில்லை.

காரயன் சிடி மச்சானுக்குப் போனது. அவர் இசை கேட்பதெல்லாம் கார் ஓட்டும்போதுதான். நம்மூர் காரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். மிராவின்ஸ்கியைக் கொடுத்திருந்தால் இரண்டாம் வயலின்கள் மட்டும் அவர் காதோரம் வந்து தாவிக்கொண்டிருக்கும். மெட்டு எங்கேயோ அக்கா உட்காரும் பக்கம் நிற்கும். போன வாரம் போன் செய்தார். கடைசிப் பகுதி ரொம்பப் பிடித்திருக்கிறதாம், ஆனால் சிக்னலில் நிற்கும்போது முடிவு கேட்கவே மாட்டேன் என்கிறதாம்.