துருப்பிடித்த கெய்சன்: கட்டி வைப்பதா, மேலிருந்து இழுப்பதா, கடலுக்குள் அறுப்பதா?

சிங்கப்பூர்க் கடலில் எண்ணெய் மேடை கிடையாது. ஆனால் தென்சீனக் கடலிலும் தாய்லாந்து வளைகுடாவிலும் நிற்கும் பழைய மேடைகளின் பழுதுவேலை பல நேரம் சிங்கப்பூரின் லோயாங்கிலோ துவாசிலோதான் தொடங்குகிறது. குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் இங்கே செய்யப்படுகிறது, அறுக்கும் கருவி இங்கிருந்து வாடகைக்குப் போகிறது, அதனுடன் பாரம் கட்டித் தூக்கும் நம் தமிழ் ரிக்கர்களும் போகிறார்கள். அந்த வேலைகளில் அதிக வாக்குவாதம் கிளப்புவது கெய்சன். துவாஸ் துறைமுகத்துக்காக இறக்கிய 15,000 டன் கான்கிரீட் பெட்டிகள் அல்ல. மேடையின் தளத்திலிருந்து கடலுக்குள் தொங்கும் எஃகுக் குழாய். கடல்நீர் ஏற்றும் பம்பும் தீயணைப்புப் பம்பும் அதற்குள் தொங்கும். சிலவற்றின் வழியே கழிவுநீர் இறங்கும்.

அலை அடித்து விலகும் பகுதிதான் அதற்கு எமன். எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும் எஃகை, அதற்குப் பதிலாகத் தாம் கரையும் உலோகக் கட்டிகளான அனோடுகள் காக்கும்; ஒரு நேரம் நனைந்து ஒரு நேரம் காயும் இடத்தில் அந்தக் காப்பு சரியாக எட்டாது. உட்புறத்தை யாரும் எளிதில் பார்ப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகில் செய்த பம்பைச் சாதாரண எஃகுக் குழாய்க்குள் தொங்கவிட்டால், பம்புக்குப் பதிலாகக் குழாய் அரிக்கும். வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே ஓட்டை விழுந்திருக்கலாம். அறுந்து விழுந்தால் அடியில் எண்ணெய்க் குழாய்கள் கிடக்கின்றன.

முதல் வழி கட்டி வைப்பது: தளத்திலிருந்து ஸ்லிங் (தாங்கும் கயிறு) போடுவது, அல்லது மேடையைத் தாங்கும் எஃகுச் சட்டமான ஜாக்கெட்டின் கால்களோடு கிளாம்ப் வைத்துப் பிணைப்பது. செலவு குறைவு, மேடையை நிறுத்த வேண்டியதில்லை, பெரிய கப்பலும் வேண்டாம். ஆகவே மேலாளர்களுக்கு இதுதான் முதல் காதல். ஆனால் ஸ்லிங்கின் அளவைக் குழாயின் எடையை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. கயிற்றில் தளர்ச்சியே இல்லாவிட்டாலும், திடீரென ஏறும் எடை ஏறக்குறைய இரட்டிப்பு விசையாக இறங்கும். தளர்ச்சி ஒரு சாண் இருந்தால் கணக்கே வேறு. மாட்டியபிறகு இழுத்து இறுக்காத ஸ்லிங் மனத்துக்கு ஆறுதல் தரும், குழாயைப் பிடிக்காது. இன்னொன்று: கட்டிய குழாய் தொடர்ந்து அரித்துக்கொண்டேதான் இருக்கும். கட்டுவது அவகாசம் வாங்கும் வேலை. அதை நிரந்தரத் தீர்வு என்று அறிக்கையில் எழுதுபவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இரண்டாவது வழி மேலிருந்து இழுத்துத் துண்டு துண்டாக அறுப்பது. பம்பை வெளியே எடுத்து, தளத்தில் ஹைட்ராலிக் ஜாக் பொருத்திய சட்டம் நிறுத்தி, குழாயைச் சில மீட்டர் தூக்கி, துளையிட்டுக் குறுக்கே எஃகு முளை செருகித் தாங்கி, அதற்கு மேலே அறுத்து, துண்டை மேடையின் கிரேனால் இறக்குவார்கள். பிறகு அடுத்த துண்டு. எனக்குப் பிடித்த வழி இதுதான். ஆட்கள் தளத்தின் மேலே நிற்கிறார்கள், அலையின் தயவு வேண்டியதில்லை, ஒவ்வொரு துண்டின் எடையும் கையடக்கம்.

எடை விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 762 மில்லிமீட்டர் விட்டம், 12.7 மில்லிமீட்டர் சுவர் உள்ள குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 235 கிலோ. 60 மீட்டர் என்றால் 14 டன். நீருக்குள் இருக்கும் எஃகு தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இழந்திருக்கும். மேலே வர வர அது திரும்ப ஏறும். இதைவிட மோசம், அடிவாயைச் சிப்பியும் சேறும் அடைத்திருந்தால் உள்ளிருக்கும் நீர் வடியாது. மீட்டருக்கு 437 கிலோ கடல்நீர், எஃகைவிட அதிகம்! கடல்மட்டத்துக்கு மேல் பத்து மீட்டர் இழுத்தால் கணக்கில் இல்லாத ஏறக்குறைய 4.4 டன் ஜாக்கில் தொங்கும். வெளியே ஒட்டிய சிப்பிகள், குழாயை ஜாக்கெட்டோடு பிடித்து நிறுத்தும் வழிகாட்டி வளையங்களில் இறுகிப் பிடிப்பது தனிக் கதை. முதலில் சுரண்டாமல் இழுக்கத் தொடங்குபவர் குழாயை அல்ல, ஜாக்கெட்டையே இழுக்கிறார்.

மூன்றாவது வழி கடலுக்குள் அறுத்து, கிரேன் கப்பலால் எடுப்பது. மேலே இடமே இல்லாத மேடையில் இதுதான் கதி. கப்பல் வாடகை ஒருபுறம். வடகிழக்குப் பருவமழைக் காலமான நவம்பர் முதல் மார்ச் வரை தென்சீனக் கடலில் கப்பல் காத்திருப்பதற்கே காசு கரையும். முக்குளிப்பாளர்களை இறக்கினால் அருகிலுள்ள பம்புகளை நிறுத்தி வைக்க வேண்டும். உறிஞ்சும் வாய்க்குப் பக்கத்தில் ஆளை விட முடியாது. 1988 ஜூலை 6 அன்று பிரிட்டன் பக்க வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் தீ பிடித்தபோது, முக்குளிப்பு வேலைக்காகத் தீயணைப்புப் பம்புகள் தானாக இயங்காதபடி மாற்றப்பட்டிருந்தன. 167 பேர் இறந்தார்கள். ஆகவே ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியால் முடியும் வேலைக்கு ஆளை இறக்கக்கூடாது என்பேன்.

அறுக்கும் கருவி பற்றிச் சுருக்கமாக. எரிவாயுச் சுடரால் அறுக்கும் கேஸ் கட்டிங் வேகமானது, ஆனால் எண்ணெய்க் கழிவு இறங்கிய குழாயில் தீப்பொறிக்கு இடமே இல்லை. வைரத் துகள் பதித்த கம்பி நன்றாக அறுக்கும். வெட்டு மூடிக்கொண்டால் கம்பி சிக்கும், எனவே குழாய் இழுவையில் தொங்க வேண்டும். மணல் கலந்த உயர் அழுத்த நீர் உட்புறமிருந்து வெட்டும். முழுச் சுற்றும் அறுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்வதுதான் பாடு.

எந்த வழியானாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: பிடி எங்கே, அரிப்பு எங்கே? மேல்பகுதிச் சுவர் தடிமனாக இருந்தால் இரண்டாவது வழிக்கு நிகரில்லை. அலை அடிக்கும் பகுதியே சல்லடையாகிவிட்டால் மேலே பிடித்து இழுப்பது தற்கொலை; இழுவை அந்தச் சல்லடை வழியாகத்தான் கீழே போக வேண்டும். அப்போது அரிப்புக்குக் கீழே, நல்ல எஃகில் கிளாம்ப் வைத்து, ஸ்லிங்கை இறுக்கி, அதன்பிறகே மேலே கை வைக்கலாம். அதாவது முதல் வழி இரண்டாவதற்குப் போட்டியல்ல, அதன் முதல் நாள் வேலை. தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் சுற்றிச் சுற்றி அளந்த தாள் இல்லாமல் லோயாங்கிலிருந்து எந்தக் கருவிப் பெட்டியையும் கப்பலில் ஏற்றக்கூடாது. வெளியேற்றப்போவது தீயணைப்புப் பம்பின் கெய்சன் என்றால், மாற்றுப் பம்ப் ஓடி, நீர் வந்து, வேலை அனுமதிச் சீட்டான பெர்மிட்டில் கையெழுத்து விழுந்த பிறகே முதல் போல்ட்டைக் கழற்ற வேண்டும்.