ஆஸ்திரேலியா பெர்த்ல கருப்பு காக்கட்டூ (கொண்டை வச்ச கிளி) பாக்க குரூப் வாக், காசு குடுத்து போலாமா?

தாராளமா போலாம், ஆனா போட்டோக்காக போகாதீங்க. பொழுது சாயுற நேரத்துல கருப்பு பறவைய எடுத்தா வெறும் கருப்பு திட்டு தான் வரும், இவ்ளோ பெரிய லென்ஸ் மாட்டிட்டு வந்த ஒருத்தரே பாதியில கேமராவ பைக்குள்ள வச்சுட்டாரு. காக்கட்டூன்னா வெள்ளையா மஞ்ச கொண்டையோட இருக்கும்னு நெனக்கிறவங்களுக்கு ஒண்ணு, அந்த மஞ்ச கொண்டை பெர்த்துக்கு வெளியில இருந்து வந்தது. இந்த தென்மேற்கு மூலைக்கே சொந்தமான கார்னபிஸ், பாடின்ஸ், செவப்பு வால்னு மூணு வகை காக்கட்டூவும் கருப்பு தான்.

கைடா வந்த அம்மா செம. மேல பாக்கவே விடல, மொதல்ல தரைய பாருங்கன்னாங்க. மாரி மரத்து (யூகலிப்டஸ் மாதிரி ஒரு மரம்) காய் குட்டி சொம்பு மாதிரி கெட்டியா கெடக்கு, அதுல கடிச்ச தடத்த வச்சே யாரு தின்னதுன்னு சொல்றாங்க! விளிம்புல லேசா கீறல் மட்டும்னா பாடின்ஸ், நீள மூக்க உள்ள விட்டு விதைய மட்டும் உருவிடுமாம், கன்னாபின்னான்னு கடிச்சு கொதறி இருந்தா செவப்பு வாலா இருக்கலாம். என் கைல கெடச்சது கொதறினது, ஓரம் இன்னும் பச்சையா ஈரமா இருந்துச்சு. அப்புறம் தெரு ஓரத்துல மலைவேம்பு இருக்கே (இங்க கேப் லைலாக்), அந்த காயையும் செவப்பு வால் விடாதாம். இனிமே நம்ம தெருவுலயே அண்ணாந்து பாத்துட்டு நடக்க வேண்டியதுதான்.

இருட்டுறதுக்கு முன்னாடி தண்ணி குடிச்சுட்டு மரத்துல அடைய வரும். "வீ...லூ"ன்னு இழுத்து விசில் கேக்கும், அதுதான் கார்னபிஸ், கூட்டம் கண்ணுக்கு தெரியுறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடும். ஸ்கோப்ல (ஸ்டாண்ட்ல வச்ச டெலஸ்கோப்) ஆண் பொண்ணு கூட பிரிச்சு காட்டினாங்க, ஆணுக்கு கண்ண சுத்தி ரோஸ் வளையம், மூக்கு கருப்பு, பொண்ணுக்கு மூக்கு வெளுப்பு.

கடுப்பான விஷயம், ஒரு கைடுக்கு கூட்டம் ரொம்ப ஜாஸ்தி. பின்னாடி நின்னவங்களுக்கு பாதி காதுலயே விழல, பைனாகுலர் தரோம்னு சொல்லிட்டு மூணு பேருக்கு ஒண்ணு குடுத்தா எப்படிங்க? ஆரம்பத்துல அந்த லெக்சர் வேற, ரூல்ஸ் எல்லாம் மெயில்லயே அனுப்பியிருக்கலாம். நம்ம ரேட்டிங் அஞ்சுக்கு மூணரை, அந்த அரை தரைல கெடந்த காய்க்கு.

பிப்ரவரில இருந்து மே வரைக்கும் புக் பண்ணுங்க, ஜூலைக்கு மேல கார்னபிஸ் நெறைய கோதுமை வெளையுற உள்பக்கமா முட்டை வைக்க போயிடும். சொந்த பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு போங்க, இல்லனா யார்கிட்டயாவது கடன் வாங்குங்க.