தீவனம் தாய்க்கா, குட்டிக்கா?

கைவசம் இருக்கும் அடர்தீவனம், அதாவது தானியமும் பிண்ணாக்கும் கலந்த சத்துத் தீவனம், எப்போதும் அளவானதுதான். அதைப் பால் கொடுக்கும் தாய்ச் செம்மறிக்குப் போடுவதா, குட்டி மட்டும் நுழைகிற மாதிரி தடுப்பு கட்டி நேராகக் குட்டிக்கே வைப்பதா? என் கட்சி, முதல் மாதம் முழுக்கத் தாய்க்கு.

காரணம் எளிது. அந்த வயதில் குட்டிக்கு அசைபோடும் வயிறு இன்னும் தயாராகியிருக்காது. எடை கூடுவது பாலால்தான். ஒரு கிலோ ஏற ஏறக்குறைய 5 லிட்டர் பால் வேண்டும். அப்படியென்றால் நாளுக்கு 250 கிராம் ஏறும் குட்டி ஒன்றேகால் லிட்டர் குடிக்கிறது. இரட்டையாக இருந்தால் தாய் இரண்டரை லிட்டர் சுரக்க வேண்டும். சுரப்பு உச்சம் தொடுவதும் மூன்று, நான்காம் வாரத்தில்தான். அந்த உச்சத்தைப் பட்டினியில் கெடுத்துவிட்டால், அப்புறம் எவ்வளவு போட்டாலும் பழையபடி திரும்புவது கடினம்.

தாயின் உடல்வாகைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, ரோமம் ஏமாற்றிவிடும். கடைசி விலா எலும்புக்குப் பின்னால், இடுப்பு முதுகில் கை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு முனைகள் கூராகக் குத்தினால் 5-க்கு 1 அல்லது 2 மதிப்பெண். அழுத்தினால் மட்டும் உருண்டையாகத் தட்டுப்பட்டால் 3. ஈனும்போது 3 இருந்தால் எனக்கு நிம்மதி. பால் கொடுக்கையில் அரை முதல் ஒரு மதிப்பெண் வரை கரைவது இயல்பு, அந்தக் கொழுப்புதான் பாலாகிறது. ஆனால் கொழுப்பில் புரதம் கிடையாது. பிண்ணாக்கு போன்ற புரதத் தீவனம் இல்லாவிட்டால் உடம்பும் கரையும், பாலும் குறையும். அதற்காக 4-க்கு மேல் கொழுக்க வைப்பதும் தப்பு. அந்த ஆடு சினைக் கடைசியில் சரியாகத் தின்னாது, உடல் கொழுப்பு வேகமாகக் கரைந்து வரும் சினை நச்சு நோயில் விழும்.

இன்னொன்றும் இருக்கிறது. கருவின் வளர்ச்சியில் சுமார் 70 சதவீதம் சினையின் கடைசி 6 வாரங்களில் நடக்கிறது. மடி கட்டுவதும் அப்போதுதான். பிறப்பு எடையும் சீம்பாலும் அங்கேயே முடிவாகிவிடும். இதைப் பிறகு குட்டிக்கு வைக்கும் எந்தத் தீவனத்தாலும் ஈடுகட்ட முடியாது.

சரி, குட்டித் தீவனம் எப்போது ஜெயிக்கும்? ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல். அப்போது பால் இறங்குமுகம். தாய்க்குப் போடுவதில் ஒரு பங்கு அவள் உடம்பிலேயே தங்கிவிடும், குட்டிக்கு வைப்பதோ நேராக எடையாகும். இரண்டாம் வாரத்திலிருந்தே ஒரு பிடி வைத்துப் பழக்கலாம். கொறிப்பது கொஞ்சம்தான் என்றாலும் வயிறு தேறும். பால் தாராளமாகக் கிடைக்கும் ஒற்றைக் குட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. மூன்று குட்டி, தலைச்சன் ஆடு, மடிநோயில் ஒரு பக்கம் வற்றிய மடி, இவற்றுக்கு மட்டும் நான் முதல் நாளிலிருந்தே கணக்கை மாற்றுவேன். அங்கே பால் பற்றாது, புட்டிப்பாலோ வேறு தாயோ தேவைப்படும். அடுத்தபடியாகத்தான் தீவனம்.

குட்டித் தீவனத்தில் ஆபத்தும் உண்டு. திடீரென அதிகம் தின்றால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும், முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். மாட்டுத் தீவனத்தை அப்படியே வைக்காதீர்கள், அதிலிருக்கும் தாமிரம் செம்மறிக்கு விஷம்.

எந்தப் பக்கம் குறைகிறது என்று அறியக் காலையில் பட்டியில் நில்லுங்கள். பால் நிறைந்த குட்டி எழுந்ததும் உடம்பை நீட்டிச் சோம்பல் முறிக்கும். பசித்தது கூன் போட்டு நிற்கும், ஒரு காம்பிலிருந்து மறு காம்புக்குத் தாவி மடியை முட்டிக்கொண்டே இருக்கும், கடைசியில் பக்கத்து ஆட்டின் மடியைத் திருடப் போகும். ஆறு வாரத்துக்குள் இதைக் கண்டால் முதலில் தாயின் மடியையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் குட்டித் தொட்டியை நிரப்புங்கள். பால் மறக்க வைப்பதற்குச் சில நாள் முன்னதாகத் தாயின் அடர்தீவனத்தை நிறுத்திவிட்டால், மடியில் பால் தேங்கி நோவது இல்லாமல் வற்றும்.