கீரைப் பாத்திக்குக் கோழி எருவா, வேப்பம் புண்ணாக்கா?

சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் இந்த வழக்கு ஓய்ந்தபாடில்லை. நான் புண்ணாக்குக் கட்சி, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கோழி எருக் குருணை மலிவு, எந்த நர்சரியிலும் கிடைக்கும், கீரை சட்டென்று பச்சை பிடிக்கும். நனைந்தால் நாறும், ஈ மொய்க்கும். புண்ணாக்கு விலை கூட, வேலை செய்யவும் நேரமெடுக்கும்.

எனக்கு முடிவைச் சொன்னது மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ் கணக்கு. குருணை மூட்டையில் பொதுவாகத் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் ஏறக்குறைய ஒரே அளவு, 3% என்பதுபோல் அச்சிட்டிருக்கும். மணிச்சத்தை ஆக்சைடு கணக்கில்தான், அதாவது ஆக்சிஜன் எடையையும் சேர்த்துத்தான் போடுவார்கள்; தனிப் பாஸ்பரஸாகப் பார்த்தால் அதில் 44%தான். அப்படிக் கழித்தாலும் இரண்டேகால் பங்கு தழைச்சத்துக்கு ஒரு பங்கு பாஸ்பரஸ் வருகிறது. கீரை கேட்பதோ ஆறேழு பங்குக்கு ஒன்று. தழைச்சத்துக்காகக் குருணையை அள்ளிப் போட்டால் பாஸ்பரஸ் தேவையைப்போல் மூன்று மடங்கு சேரும். தழைச்சத்து காற்றில் போவதுபோல் பாஸ்பரஸ் போகாது. மண் துகளைப் பிடித்துக்கொண்டு அறுவடைக்கு அறுவடை ஏறும். வேப்பம் புண்ணாக்கில் தழைச்சத்து 4% சொச்சம், மணிச்சத்து 1% அளவு. கீரையின் பசிக்கு இதுதான் பொருந்துகிறது.

மண்ணில் கிடந்தால் என்ன என்பார்கள். இங்கே அடிக்கிற மழைக்கு எங்கே கிடக்கும்? மேலே தூவிய குருணை ஒரு பெருமழையில் ஊதி, மாவாகக் கரைந்து, தேநீர் நிறத்தில் பாத்தி விளிம்பைத் தாண்டி லோங்காங்கில், அதாவது மழைநீர்க் கால்வாயில் இறங்கும். சிங்கப்பூரில் மழைநீர் வடிகால் தனி, கழிவுநீர்க் குழாய் தனி. நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. அதனால் பல பேட்டைகளில் அந்தத் தண்ணீர் போய்ச் சேருமிடம் நீர்த்தேக்கம். நன்னீரில் பாசி பெருகுவதைப் பெரும்பாலும் கட்டிவைத்திருப்பது பாஸ்பரஸ் தட்டுப்பாடு. அதை நாமே தீர்த்துவைப்பானேன்?

எதிர்க்கட்சியிடமும் நியாயம் உண்டு. லிம் சூ காங் பக்கம் முட்டைப் பண்ணைகள் இருக்கும்வரை எருவும் இருக்கும். யாராவது மண்ணில் சேர்த்துத்தானே ஆகவேண்டும்? எருவில் இவ்வளவு பாஸ்பரஸ் வரக் காரணம் தீவனம். மக்காச்சோளம், சோயாவில் உள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டேட் என்னும் கட்டுண்ட வடிவில் இருப்பதால் கோழிக்கு அவ்வளவாகச் செரிக்காது. தீவனத்தில் அந்தக் கட்டை உடைக்கும் பைட்டேஸ் நொதி கலந்தால் கோழி அதை எடுத்துக்கொள்ளும். தனியாகச் சேர்க்கும் பாஸ்பேட்டைக் குறைக்கலாம், எச்சத்திலும் குறையும். என்னைக் கேட்டால் வைத்தியம் அங்கேதான் தொடங்கவேண்டும்.

இப்போது பாத்தி கட்டும்போது மட்டும் ஒரு கைப்பிடி குருணையை மண்ணுக்கடியில் கலக்கிறேன். அதன்பின் புண்ணாக்குதான். இதெல்லாம் முளைக்கீரை, கங்குங் (வள்ளைக்கீரை) வளர்த்த அனுபவம். மிளகாய், கத்தரி போன்ற காய்ச்செடிகளுக்கு இதே கணக்கில் வைத்துப் பார்த்ததில்லை. அதற்கு எதிர்க்கட்சியிடமே கேளுங்கள். அவர்கள் கத்தரிக்காய் நன்றாகவே காய்க்கிறது.