பாதாமியில் பாறை ஏறப் போகிறவர்கள் கவனத்துக்கு: என் கணுக்கால் போன கதை

கட்டுப் பிரித்துப் பதினோரு நாள் ஆகிறது. படி இறங்கும்போது இடது கால் இன்னும் ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் ஊன்றுகிறது. நடந்ததை வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா சொல்லும் கதையில் நான் ஐம்பது அடியிலிருந்து விழுந்தேன். அதனால் நானே எழுதிவிடுகிறேன். பாதாமியில் பாறை ஏறும் சீசன் இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது, பிப்ரவரி வரை ஆட்கள் போய்க்கொண்டுதான் இருப்பார்கள். அவர்களில் நாலு பேராவது இதைப் படிக்கட்டும்.

பாதாமி என்றால் யோசிப்பவர்களுக்கு வாதாபி என்றால் உடனே விளங்கும். கர்நாடகாவில் இருக்கிற பழைய சாளுக்கியர் தலைநகரம். 642-இல் நரசிம்மவர்மன் பிடித்து ‘வாதாபி கொண்டான்’ என்று பெயர் வாங்கிய ஊர். அகத்தியர் பெயரில் ஒரு ஏரி, அதைச் சுற்றிச் செக்கச் சிவந்த மணற்பாறை. எனக்குக் குகைக் கோயில்கள் பார்க்க ஆசை. பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பிக்கு அந்தப் பாறைகள்மேல் கண். இரண்டு மாதமாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகிக்கொண்டிருந்தான். “அக்கா, இந்தியாவுலயே பெரிய பெரிய ஆளுங்க வந்து ஏறுற இடம். நீயும் ஒரு தடவை ஏறிப் பாரேன்” என்றான். நான் திருச்சிக்காரி. மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டே பல் விளக்கி வளர்ந்தவள். பாறை என்ன பெரிய பாறை என்ற நினைப்பு.

வழிகாட்டி தேடியபோது இரண்டு பேர் கிடைத்தார்கள். முதல் ஆள் ஆளுக்கு 4,500 சொன்னார். சொல்லிவிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். எடை எவ்வளவு, முட்டி வலி உண்டா, மூச்சிரைப்பு உண்டா, இதற்கு முன்னால் ஏறியிருக்கிறீர்களா, அவசரத்துக்கு யாருக்குப் போன் செய்ய வேண்டும். எங்களுக்கு அது தொணதொணப்பாக இருந்தது. இரண்டாவது ஆள் இன்ஸ்டாவில் அகப்பட்டார். ஆளுக்கு 2,800, அரை நாள், எல்லா உபகரணமும் சேர்த்து, ‘சர்ட்டிஃபைடு இன்ஸ்ட்ரக்டர்’. ஒரு கேள்வி கிடையாது. ஓசூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தாராம், தமிழ் சரளமாக வந்தது. வெளியூரில் ஒருவர் தமிழ் பேசிவிட்டால் நமக்குப் பாதிச் சந்தேகம் போய்விடுகிறது, என்ன செய்ய. பாதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பினோம். அது நிறுவனக் கணக்கு இல்லை, தனி ஆளின் பெயரில் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன்.

சான்றிதழ் காட்டச் சொன்னோமா என்று கேட்பீர்கள். காட்டினார். வாட்ஸப்பில் ஒரு போட்டோ. மலையேற்றப் பயிற்சிக் கழகம் ஒன்றில் ‘பேசிக் கோர்ஸ்’ முடித்ததாக இருந்தது. முத்திரையும் கையெழுத்தும் பார்த்துத் திருப்தியாகிவிட்டோம். பின்னால்தான் தெரிந்தது, அது கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கான முதல் படிப்பு. டார்ஜிலிங்கிலும் உத்தரகாசியிலும் இருக்கிற கழகங்களில் பேசிக் முடித்து, அட்வான்ஸ் முடித்து, அதற்கும் மேலே கற்பிக்கும் முறை என்று தனியாக ஒரு கோர்ஸ் இருக்கிறது. எல்எல்ஆர் வாங்கியவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற மாதிரிதான் இது.

கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸில் காலையில் போய் இறங்கினோம். அன்று முழுக்கக் குகைகள், குரங்குகள், ஜோள ரொட்டி. மறுநாள் காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஏழே முக்காலுக்கு வந்தார், கூடவே பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன். வந்ததும் முதல் பேச்சே பணம். ஷூ வாடகை தனியாக ஆளுக்கு 400. ‘பர்மிஷன் சார்ஜ்’ ஆளுக்கு 300. எல்லாம் சேர்த்து என்றுதானே சொன்னீர்கள் என்றால், “உபகரணம் சேர்த்துதான் மேடம், ஷூ உபகரணம் இல்லையே” என்றார். யாருடைய பர்மிஷன், ரசீது எங்கே என்றால் சிரிப்பு. காலங்காத்தாலே சண்டை எதற்கு என்று கொடுத்தோம்.

ஹெல்மெட் என்று எடுத்துக் கொடுத்தது கட்டட வேலையில் போடுகிற மஞ்சள் தொப்பி. தாடைக்குக் கீழே வார் இல்லை. குனிந்தால் கழன்று விழுந்தது. தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. காய்கறிக் கடையில் கால் கிலோ கத்திரிக்காய்க்கு மூன்று தடவை விலை கேட்கிறவள் நான். அங்கே வாய் வரவில்லை. தெரியாத இடத்தில் கேள்வி கேட்டால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

முதல் பாறை சின்னது. அதில் ஏறியது நன்றாகவே இருந்தது, அதை மறைக்கமாட்டேன். கிட்டே போய்ப் பார்த்தால் பாறை முழுக்க அடுக்கடுக்காக வரி. ஆற்று மணலில் தண்ணீர் ஓடிய தடம் அப்படியே கல்லாகிவிட்டதுபோல. விரல் முனைக்கு அந்த விளிம்புகள் கச்சிதமாக அகப்படுகின்றன. காலைக் குளிரில் கல் சில்லென்று இருந்தது, உள்ளங்கையில் பொடி மணல் ஒட்டியது. மேலே போய்த் தொட்டுவிட்டு இறங்கியபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது, வாயெல்லாம் பல். இன்னொன்று ஏறலாம் என்று சொன்னதே நான்தான்.

இரண்டாவது இடத்தின் அமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. பெரிய பாறைச் சுவர். அதன் அடியில் ஒரு மேடை. நாங்கள் நின்றதும், கயிற்றைப் பிடித்த பையன் நின்றதும் அந்த மேடையில். மேடைக்கு வலது பக்கம் பாறை சரிந்து கீழே ஒரு பள்ளம். கயிறு மேலே ஆங்கர், அதாவது பாறையில் அதைத் தாங்கும் பிடிமானம், வழியாகப் போய்த் திரும்பி வருகிறது. ஒரு நுனி என் இடுப்பில், மறு பாதி பையனின் இடுப்பில் இருக்கும் கருவிக்குள். இதை பிலே என்கிறார்கள். நான் ஏற ஏற அவன் இழுத்துக்கொள்வான், நான் இறங்கும்போது விட்டுக்கொடுப்பான்.

ஏறிவிட்டேன். உச்சியில் இரண்டு கையையும் தூக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார் வழிகாட்டி. அதற்குள் அவருக்குப் போன். அடுத்த கோஷ்டி கீழே வந்து காத்திருக்கிறதாம். அவசரம் பிடித்துக்கொண்டது. “மேடம், மேடைக்கு வர வேணாம். அப்படியே வலது பக்கமா நடந்து பள்ளத்துல இறங்கிடுங்க. அடுத்த ரூட் அங்கதான், டைம் மிச்சம்” என்று கத்தினார். சொன்னபடி செய்தேன். பாறையில் காலை ஊன்றி ஊன்றிப் பக்கவாட்டில் நகர்ந்து மேடையைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தேன். தரைக்கு இன்னும் ஓர் ஆள் உயரம் இருக்கும்.

சட்டென்று இடுப்பில் பிடி இல்லை. தலைக்கு மேலே கயிறு சர்ரென்று ஓடும் சத்தம். இடது கால் ஒரு கல்லின் விளிம்பில் பட்டுத் திரும்பியது. கணுக்காலுக்குள் ‘டக்’ என்றதைக் காதால் கேட்டேனா உடம்பால் கேட்டேனா தெரியாது. மஞ்சள் தொப்பி எனக்கு முன்னாலேயே உருண்டு போய்ப் பள்ளத்தில் கிடந்தது. தலை அடிபடவில்லை. அதைக் குலதெய்வத்தின் கணக்கில் வைத்திருக்கிறேன்.

பக்கத்துப் பாறையில் ஏறிக்கொண்டிருந்த புனேக்காரப் பெண் ஒருத்திதான் முதலில் ஓடி வந்தாள். அசையாதீங்க தீதி, அசையாதீங்க என்று இந்தியில் சொல்லிக்கொண்டே ஷூவைக் கழற்றி, விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்து, தன் கையில் ஒட்டுகிற டேப்பாலேயே கணுக்காலை இறுக்கிச் சுற்றினாள். அதன் பிறகு கயிற்றை எடுத்தாள். இரண்டு கையையும் விரித்து விரித்து அளந்தாள். நம் கடற்கரையில் மீனவர்கள் பாகம் என்பார்களே, அதே அளவு. இருபது பாகம். முப்பத்திரண்டு மீட்டர்தான் வந்தது. கயிற்றின் நடுவைக் காட்டுவதற்குக் கறுப்பு மையில் ஓர் அடையாளம் போட்டிருப்பார்கள். இதில் அந்த அடையாளம் நடுவில் இல்லை. நுனி தேயத் தேய ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். ஆதியில் நாற்பது மீட்டர் இருந்திருக்கும் என்றாள்.

கணக்கைத் தம்பிதான் மண்ணில் கோடு போட்டு எனக்குச் சொன்னான். மேடையிலிருந்து ஆங்கர் சுமார் பதினான்கு மீட்டர். போக வர இருபத்தெட்டு. மேடைக்கே இறங்கியிருந்தால் கயிறு போதும். பள்ளம் மேடையைவிட ஏழு மீட்டர் தாழ்வு. அங்கே இறங்க முப்பத்தைந்து வேண்டும். கயிறு தீர்ந்து, நுனி பையனின் கருவிக்குள் புகுந்து வெளியே போய்விட்டது. அந்த நுனியில் ஒரே ஒரு முடிச்சு இருந்திருந்தால் கருவியில் சிக்கி நின்றிருக்கும், நான் அந்தரத்தில் தொங்கிக்கொண்டு கத்தியிருப்பேன், அவ்வளவுதான். அந்த முடிச்சைப் போட ஷூ லேஸ் கட்டும் நேரம்கூட ஆகாது. இப்படிக் கயிறு தீர்ந்து விழுவது ஏறுகிறவர்கள் உலகத்தில் ரொம்பத் தெரிந்த விபத்து, முடிச்சுப் போடுவது முதல் பாடம் என்று அந்தப் பெண் சொன்னபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. அதுவரை என் கால்தான் ஏதோ தப்பு செய்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாகல்கோட் போகும் கார்வரை அவளும் அவள் சிநேகிதனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வழியெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வந்ததை வலிக்கு நடுவிலும் மனசில் வாங்கிக்கொண்டேன். ஏறுவதற்கு முன்னால் ஏறுகிறவரும் கயிறு பிடிக்கிறவரும் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இடுப்பில் மாட்டுகிற ஹார்னஸ் பட்டையின் முன்பக்கம் கயிறு கட்டவென்றே கெட்டியான இரண்டு வளையங்கள் இருக்கும், எட்டு வடிவ முடிச்சு அந்த இரண்டுக்குள்ளும் போயிருக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கிற மெல்லிய வளையங்கள் சாமான் மாட்டத்தான், ஆள் எடையைத் தாங்காது. மேலே ஆங்கர் ஒற்றைப் புள்ளியில் தொங்கக் கூடாது, குறைந்தது இரண்டு வேண்டும். கயிறு எத்தனை மீட்டர், எந்த வருஷம் வாங்கியது என்று கேட்டால் நல்ல வழிகாட்டி சந்தோஷமாகச் சொல்வார். நைலான் சாமான்களைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மழை பெய்து ஈரமாக இருக்கிற மணற்பாறையில் ஏறக் கூடாது, ஈரத்தில் அது பலவீனமாகிவிடும், பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும். எங்களுக்கு மழை இல்லை. இருந்திருந்தால் அந்த மனுஷன் ஏற்றியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

கார் கிளம்பும்போது அந்தப் பையன் நான் விட்டுவந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். “சாரி அக்கா” என்றான். கன்னடத்திலும் அக்கா அக்காதான். அழுதிருக்கிறான், முகத்தில் தெரிந்தது. முதலாளி வரவில்லை. அடுத்த கோஷ்டியை ஏற்றப் போய்விட்டார்.

எக்ஸ்ரேயில் மயிரிழை விரிசல், நான்கு வாரக் கட்டு. டாக்ஸி, மருத்துவமனை, மாற்றி எடுத்த டிக்கெட் என்று பதினோராயிரத்துச் சொச்சம் ஆனது. அன்று சாயங்காலம் தம்பிக்கு அந்த வழிகாட்டியிடமிருந்து ஒரு மெசேஜ். நலம் விசாரிக்கிறாராக்கும் என்று திறந்தால், ஒரு ஆன்லைன் படிவம். ‘சர்ட்டிஃபிகேட் அனுப்ப இதை நிரப்பவும்.’ கடைசியில் பொடி எழுத்தில், எல்லா ஆபத்துகளுக்கும் நானே பொறுப்பு என்று ஏறுவதற்கு முன்பே ஒப்புக்கொண்டதாக ஒரு வாசகம், அருகே டிக் போடக் கட்டம். தம்பி பெயரை நிரப்பிவிட்டான். ஊர் பெயர் அடித்துக்கொண்டிருந்தபோது நான் போனைப் பிடுங்கினேன். விழுந்த பிறகு உங்களுக்கும் இப்படி ஏதாவது வந்தால் தொடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து வையுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். “மேடம் அவசரப்பட்டுக் குதிச்சுட்டாங்க” என்றார். அப்புறம் 500 தருகிறேன் என்றார். அப்புறம் பிளாக். அவருடைய இன்ஸ்டா பக்கத்தில் நாங்கள் எழுதிய கமென்ட் ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அதில் பேச்சுவார்த்தைக்கு முயற்சி செய்வார்கள், அந்த ஆள் பதிலே சொல்லவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இதற்காகக் கர்நாடகாவுக்கு அலைய வேண்டியதில்லை. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. ஜிபே விவரம், வாட்ஸப் பேச்சு, எக்ஸ்ரே, அந்தப் படிவம் எல்லாவற்றையும் பிரின்ட் எடுத்துக் கோப்பாக வைத்திருக்கிறேன். புனேக்காரப் பெண் கயிற்றின் போட்டோவையும் அனுப்பியிருக்கிறாள், நடுவில் இல்லாத அந்த நடு அடையாளத்தோடு. சாட்சி சொல்லவும் தயார் என்கிறாள்.

போன வாரம் தம்பி ஒரு லிங்க் அனுப்பினான். வேறு பெயரில் புதுப் பக்கம், அதே ஆள், இப்போது ஆளுக்கு 2,500. முகப்பில் ஒரு படம். சிவப்புப் பாறை உச்சியில் ஒரு பெண், மஞ்சள் தொப்பி, நீல டீஷர்ட், இரண்டு கையும் வானத்தைப் பார்த்து, வாயெல்லாம் பல். கீழே ‘எங்கள் மகிழ்ச்சியான வாடிக்கையாளர்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். அது நான்தான், விழுவதற்கு இரண்டு நிமிஷம் முன்னால். அந்தப் படத்தை எங்காவது பார்த்தால் அங்கே அட்வான்ஸ் அனுப்பாதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், கோப்பில் சேர்த்துக்கொள்கிறேன்.