பஞ்சகல்யாணிப் பெட்டை வாங்குவோர் கவனத்திற்கு

ஆடி மாத அந்தியூர்ச் சந்தை நெருங்கினால் குதிரைத் தரகர்கள் சுறுசுறுப்பாகிவிடுவார்கள். முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நான்கு கால்களிலும் வெள்ளை, முகத்திலும் வெள்ளை. இந்த ஐந்தும் அமைந்த குதிரை பஞ்சகல்யாணி. வீட்டுக்கு யோகம் என்று நம்பி, சுழியைப் பார்ப்பதுபோல் இதையும் பார்த்துத்தான் நம்மவர்கள் விலை பேசுகிறார்கள். மூன்று கால் வெள்ளைக்கும் நான்கு கால் வெள்ளைக்கும் விலை வேறு. மோசடி நுழைவது அங்கேதான்.

குட்டி எடுப்பதற்காக எங்கள் குடும்பம் ஒரு தரகர் மூலம் செவலை மார்வாரிப் பெட்டை ஒன்றை வாங்கியது. பேசியது பஞ்சகல்யாணிக்கான விலை. வந்து இறங்கியபோதே பின்னங்கால் ஒன்றில் வீக்கமும் பொருக்கும் இருந்தன. சேற்றுப் புண், மஞ்சள் பூசினால் ஆறிவிடும் என்றார் தரகர். புண் ஆறியது, வெள்ளை முடி உதிர்ந்து அந்த இடத்தில் செவலை முடி முளைத்தது. கால்நடை மருத்துவர் முடியை மழித்துப் பார்த்தார். மற்ற மூன்று கால்களிலும் வெள்ளைக்கு அடியில் இளஞ்சிவப்புத் தோல். இந்தக் காலில் மட்டும் கறுப்புத் தோல். முடியை வெளுக்கும் மருந்தைக் கடுமையாகத் தடவியதால்தான் தோல் வெந்திருக்கிறது என்றார்.

எனக்குப் பணம் போனதைவிட இதுதான் ஆறவில்லை. வாய் பேசாத உயிரின் காலை வேகவைத்து அதை ராசி என்று விற்றிருக்கிறார்கள்.

தரகரிடம் கேட்டபோது, வெயிலில் நிறம் மாறியிருக்கும் என்றார். வெயில் முடியை வெளிறச் செய்யுமே தவிர, பிறவி வெள்ளையைச் செவலையாக்காது. ரசீதைக் காட்டினோம். அதில் ‘செவலைப் பெட்டை ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, பஞ்சகல்யாணி என்று தான் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள் ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். வெள்ளை இருக்கும் இடத்தை நன்றாக நனைத்து முடியை விலக்கிப் பாருங்கள். பிறவி வெள்ளைக்கு அடியில் தோல் பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவே தெரியும். வெள்ளையும் நிறமும் சேரும் விளிம்பில் மட்டும் கறுப்புத் தோல்மேல் வெள்ளை முடி கலந்திருக்கலாம், அது இயல்பு. வெள்ளை மஞ்சள் பாரித்திருந்தாலும், முடி வைக்கோல்போல் முறுகியிருந்தாலும் விலகிவிடுங்கள். காலில் துணி சுற்றியிருந்தால் அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் காலில் எதுவரை வெள்ளை என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இது நமக்கு மட்டும் நேர்வதும் அல்ல. 2022இல் பஞ்சாபின் சங்ரூர் மாவட்டத்தில் ஒருவர் ஏறத்தாழ 23 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருங்குதிரை, குளிப்பாட்டியதும் செவலையானது செய்தியாக வந்தது.

இன்னொரு பொய்யும் சேர்த்து விற்றார்கள்: ‘குட்டியும் பஞ்சகல்யாணியாகவே விழும்.’ அப்படி யாராலும் உறுதி தர முடியாது. கருவில் நிறம் தரும் செல்கள் முதுகுப் பக்கம் தோன்றி உடலெங்கும் பரவுகின்றன. நெற்றி, மூக்கு, கால் நுனி ஆகிய தொலைவான இடங்களை அவை எட்டாவிட்டால் அங்கே வெள்ளை விழுகிறது. பரம்பரைக்கு இதில் பங்கு உண்டு, தற்செயலுக்கும் உண்டு. ஒரே குதிரையிலிருந்து குளோனிங் முறையில் பிறந்த குட்டிகளுக்குக்கூட வெள்ளை ஒன்றுபோல் அமைவதில்லை.

நாம் கூடுதல் விலை கொடுக்கும் இதே வெள்ளையை வேறு ஊரில் குறை என்கிறார்கள். நெதர்லாந்தின் ஃப்ரீசியன் இனத்தில் நெற்றியில் சிறு பொட்டு இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்; காலில் வெள்ளை கூடாது. அமெரிக்கக் குவார்ட்டர் குதிரைச் சங்கம், வெள்ளை அளவு மீறிய குட்டிகளை ஒதுக்கிவந்த விதியை 2004இல்தான் கைவிட்டது. பெட்டை வாங்கும்போது குளம்பு, மூட்டு, பல், ஈன்ற வரலாறு ஆகியவற்றைப் பார்த்து விலை வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அந்தத் தரகர் இன்னும் தொழிலில் இருக்கிறார். மேற்கு மாவட்டங்களில் யாராவது செவலைப் பஞ்சகல்யாணி இருப்பதாகப் படம் அனுப்பினால், முன்பணம் கொடுக்கும் முன் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் பெட்டையின் காலை அன்றும் இன்றும் எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.