ஸ்டாப்என்சிஐஐ: பெயர் கேட்காத உதவி

சித்தி மகள் இரவு பதினொரு மணிக்கு அழுதுகொண்டே போன் செய்தாள். பழகியவன் ஒருவன் அவளுடைய அந்தரங்கப் படங்களைப் போட்டுவிடுவதாக மிரட்டுகிறான். போலீஸ் என்றதுமே, "வேண்டாம் அக்கா, என் பேரு வெளியே வந்துடும்" என்றாள்.

சரி என்று, சம்மதமில்லாமல் அந்தரங்கப் படங்கள் பரவுவதைத் தடுக்க உதவும் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII.org) தளத்தைத் திறந்தோம். 2021 டிசம்பரில் பிரிட்டனில் தொடங்கிய இலவசச் சேவை. பெயரே கேட்கவில்லை. படத்தைத் தேர்ந்தெடுத்தால், போனுக்குள்ளேயே அதற்கு ஒரு கைரேகை போன்ற குறியீடு உருவாகிறது. படம் போனை விட்டு வெளியே போவதில்லை. குறியீடு மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவற்றுக்குப் போகிறது. அதே படத்தை யாராவது ஏற்றினால் அந்தத் தளங்களால் கண்டுபிடித்து நீக்க முடியும். கடைசியில் வந்த வழக்கு எண்ணையும் பின் நம்பரையும் நடுங்கும் கையோடு பழைய நோட்டின் பின்னட்டையில் எழுதிக்கொண்டாள்.

வாட்ஸ்அப்பில் தனியாக அனுப்புவதை இது தடுக்காது. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் 'டேக் இட் டவுன்' என்ற வேறு சேவை இருக்கிறது.

இப்படிப்பட்ட மிரட்டல்களைத் தடுக்க இணையத்தில் எல்லோரும் அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தென்கொரியா 2007இல் பெரிய தளங்களில் அதைக் கட்டாயமாக்கியது. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றமே ரத்து செய்தது. இவளை மிரட்டியவன் சொந்தப் பெயரில், சொந்த நம்பரிலிருந்துதான் மிரட்டினான். பெயரை மறைத்துக்கொள்ள இடம் தேடியவள் இவள்.